ஊருக்கு உலகம், உலகுக்கு ஊர்: ‘குடி அரசு’ம் ‘பாரி’யும்

2022 பிப்ரவரிக் கடைசியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அடுத்த சில வாரங்களில் திருச்சி மாவட்டம் வையம்பட்டி மளிகைக் கடைகளிலும் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டின் விலை ஏறிவிட்டது. இந்தியா இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் அதன் சூடு மணப்பாறைப் பக்கத்து அடுப்படி வரை வந்துவிட்டது. வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்தார்கள். இந்த விலைக்கும் அந்தப் போருக்கும் என்ன தொடர்பு என்று அவர்களிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆளில்லை.

இந்தப் பகுதிக்கு இது புதிதும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சி முக்கியமானது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ரப்பர் விலை படுத்தது. மலேயாவிலிருந்து தமிழ்க் கூலிகளைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். நியூயார்க் பங்குச் சந்தை என்ற ஒன்று இருப்பதையே கேள்விப்படாத குடும்பங்கள் அதன் சரிவுக்காகப் பட்டினி கிடந்தன. உலகப் பிரச்சினை என்று நாம் தள்ளி வைத்துப் பேசுவது எந்தக் காலத்திலும் நம் உலைக்குள்தான் கொதித்திருக்கிறது.

அதை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் வேலையைச் சம்பாத்தியத்துக்காக இல்லாமல், சொந்தக் காசைப் போட்டு, யாருக்கும் கட்டுப்படாமல் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்ட இரண்டு முயற்சிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, ஈரோட்டில் 1925 மே 2ஆம் தேதி பிறந்த ‘குடி அரசு’ வார இதழ். மற்றொன்று, 2014 டிசம்பர் 20ஆம் தேதி இணையத்தில் வெளிவரத் தொடங்கிய ‘பாரி’ என்னும் கிராமப்புற மக்கள் ஆவணக் களம். இடையில் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள். ஒன்று ஈய எழுத்துக் கோத்து அடித்த தாள். மற்றது கைபேசித் திரையில் விரிவது. ஆனாலும் இரண்டையும் நடத்தியவர்கள் முன்னால் நின்ற கேள்விகள் ஒன்றேதான். காசு எங்கிருந்து வரும்? காசு கொடுத்தவர் வாயை அடைப்பாரா? ஆள்பவர்கள் விட்டு வைப்பார்களா? சொல்வது யார் காதுக்குப் போய்ச் சேரும்?

முதலில் காசு. ‘குடி அரசு’வைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ராமசாமி ஈரோட்டின் பெரிய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். மண்டி வியாபாரத்தில் ஈட்டிய செல்வமும் நகராட்சித் தலைவர் பதவியில் வந்த செல்வாக்கும் இருந்தும், காங்கிரசில் சேர்ந்தபோது வியாபாரத்தை விட்டவர். இதழ் தொடங்கும் முன்பே, சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்ட விவகாரம் வெடித்திருந்தது. தன் பேச்சு அன்றைய பத்திரிகைகளில் வர வேண்டியபடி வராது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் சொந்த அச்சகம், சொந்தப் பத்திரிகை. திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் வந்து திறந்து வைத்தார். ஒரு சைவ மடத்துத் துறவி தொடங்கி வைத்த இதழ், பின்னாளில் தமிழ்நாட்டில் நாத்திகத்தின் முதன்மைக் குரலாக ஆனது. ஒரு கருத்தோடு உடன்படாதவரும் அது அச்சேறும் உரிமையை மதித்த காலம் ஒன்று இருந்தது என்பதற்காகவே இதை நினைவில் வைக்க வேண்டும்.

சொந்த அச்சகம் இருப்பதன் பலன் என்ன என்பதற்கு ஒரு சான்று போதும். 1935 ஜனவரியில் ‘குடி அரசு’ தமிழ் எழுத்துகள் சிலவற்றின் வடிவத்தை மாற்றிக் கோக்கத் தொடங்கியது. கொம்பு சுழித்து எழுதிய லை, ளை, னை, ணை எழுத்துகளையும், தனித் தனி அச்சு தேவைப்பட்ட றா, னா, ணா எழுத்துகளையும் மற்ற எழுத்துகளின் வரிசைக்கே கொண்டுவந்தது. அச்சுக் கோப்பவரின் எழுத்துப் பெட்டியில் சில அறைகள் மிச்சமாயின. இன்னொருவர் அச்சகத்தில் அடித்திருந்தால் இது நடந்திருக்குமா? தமிழ்நாடு அரசு இந்த வடிவங்களை ஏற்று ஆணையிட்டது 1978இல். இன்று இந்தக் கட்டுரையை நீங்கள் படிக்கும் எழுத்தே அந்தச் சிறு அச்சகத்தின் துணிவில் வந்தது. பெரும் பத்திரிகை எதுவும் இதை முன்னின்று செய்யவில்லை.

‘பாரி’யைத் தொடங்கிய பி.சாய்நாத்துக்கு மண்டி கிடையாது. சென்னையில் பிறந்து இலயோலா கல்லூரியிலும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் படித்தவர்; செய்தியாளராக வாழ்ந்தவர். 1990களில் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் தங்கி எழுதினார். தமிழ்நாட்டில் அதற்காக அவர் எடுத்துக்கொண்டவை ராமநாதபுரமும், நமக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கும் புதுக்கோட்டையும். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாட்டுக்குச் சொன்ன கட்டுரைகளில் அவருடையது முக்கியமானது. அந்தப் பயணங்களின் எழுத்து 1996இல் புத்தகமானது. 2007இல் மகசேசே விருது; பிறகு தேடி வந்த பத்மபூஷணை வேண்டாம் என்றார். அரசைப் பற்றி எழுதும் செய்தியாளர் அரசிடம் பரிசு வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 2014இல் ‘தி இந்து’விலிருந்து விலகி ‘பாரி’யைத் தொடங்கினார். ‘கவுன்ட்டர் மீடியா டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது. அரசிடமும் பெருநிறுவனங்களிடமும் நேரடியாகப் பணம் வாங்குவதில்லை என்பது அதன் முடிவு. நடத்துபவர்களின் சொந்தப் பணம், வாசகர் நன்கொடை, தன்னார்வலர் உழைப்பு என்ற மூன்றின் மேல்தான் எழும்பியது.

இங்கேதான் முதல் பெரிய வேறுபாடு. ‘குடி அரசு’ ஒருவருடைய கையைப் பிடித்து நடந்தது. ‘பாரி’ பலருடைய தோளில் ஏறி வந்தது. ஒருவர் கை உறுதியாக இருக்கும் வரை வேகம் உண்டு. யாரையும் கேட்க வேண்டியதில்லை, எந்தக் கூட்டத்திலும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருவருக்கு வரும் ஆபத்து அப்படியே பத்திரிகைக்கு வரும் ஆபத்தாகிவிடுகிறது. 1933க்கும் 1935க்கும் இடையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது புரியும்.

1931 அக்டோபரில் ‘குடி அரசு’ மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தை ‘சமதர்ம அறிக்கை’ என்ற பெயரில் தொடராக வெளியிட்டது. பெரியார் அதற்கு ஒரு முன்னுரையும் எழுதினார். மற்ற நாடுகளில் பணக்காரன், ஏழை என்று வெளிப்படையாக நிற்கும் சண்டையை இங்கே மேல்சாதி, கீழ்சாதி என்ற ஏற்பாடு மூடி மறைத்து நிற்கிறது என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் பிறந்த ஒரு நூலை மொழிபெயர்த்துப் போட்டதோடு நிற்காமல், அதை ஈரோட்டுத் தெருவில் நிறுத்தி அளந்து பார்த்த வேலை அது. உலகச் செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் கப்பல் ஏறினார். எகிப்து, துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று சுற்றி, 1932 நவம்பரில் இலங்கை வழியாகத் திரும்பினார். பொதுவுடைமையாளர் சிங்காரவேலர் பொருளாதாரம், வேலையின்மை, விஞ்ஞானம் என்று ‘குடி அரசு’வில் தொடர்ந்து எழுதினார். உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் ஏன் மூடுகின்றன என்று அறிய விரும்பிய தமிழருக்கு, அதற்கான விளக்கம் தமிழிலேயே கிடைத்தது.

அரசாங்கம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1933 அக்டோபர் 29ஆம் தேதி இதழில் ‘இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற தலையங்கம் வந்தது. அதற்காக 124-ஏ பிரிவில், அதாவது திலகர்மீதும் காந்திமீதும் பாய்ந்த அதே ராஜத்துரோகப் பிரிவில், பெரியாரையும் வெளியீட்டாளரான அவருடைய தங்கை கண்ணம்மாளையும் டிசம்பரில் கைது செய்தார்கள். பெரியார் எதிர்வழக்காடவில்லை, வாக்குமூலம் மட்டும் கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார். அந்தக் கால அச்சுச் சட்டங்களில் ஜாமீன் தொகை என்ற ஆயுதமும் இருந்தது. அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் பெருந்தொகை கட்டச் சொல்வார்கள். மறுபடி அச்சிட்டால் அதைப் பறிமுதல் செய்வார்கள். ‘குடி அரசு’ நின்றது, ‘புரட்சி’ வந்தது. ‘புரட்சி’ நின்றது, ‘பகுத்தறிவு’ வந்தது. 1935இல் மீண்டும் ‘குடி அரசு’. பெயரை மாற்றி மாற்றிக் குரலைக் காப்பாற்றிய அந்த நாட்களைப் படிக்கையில் கண்ணம்மாளைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்றும் தோன்றுகிறது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1934இல் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. பகத்சிங் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ என்ற நூலைப் பொதுவுடைமையாளர் ஜீவா (ப.ஜீவானந்தம்) மொழிபெயர்க்க, பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமி வெளியிட, இருவர்மீதும் நடவடிக்கை வந்தது. தன் சுயமரியாதை இயக்கத்தையே தடை செய்துவிடுவார்கள் என்ற நிலையில், பெரியார் சமூகச் சீர்திருத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிவு செய்தார். சமதர்மப் பிரச்சாரத்தின் குரலைத் தணித்தார். ஜீவாவும் சிங்காரவேலரும் வேறு பாதையில் போனார்கள். அந்த முடிவின் சரி, தவறைப் பற்றி இன்றும் வழக்காடுகிறார்கள். என் பார்வையில் அது கோழைத்தனம் அல்ல. தான் கட்டிய வீடு இடியாமல் பார்த்துக்கொண்ட ஒருவரின் கணக்கு. எனினும் ஒருவர் எடுத்த அந்த முடிவோடு, உலகப் பொருளாதாரத்தைத் தமிழில் விளக்கிவந்த ஒரு குரல் தணிந்தது என்பது நமக்கு நேர்ந்த இழப்பு. வாசகர்கள் ஆயிரம் பேர் அந்தப் பத்திரிகைக்குச் சொந்தக்காரர்களாக இருந்திருந்தால்கூட ஆட்சி மிரட்டியிருக்கும். ஆனால் மிரட்டலைத் தாங்கும் பாரம் ஒரு தலையில் விழுந்திருக்காது.

‘பாரி’யின் காலத்தில் ஜாமீன் தொகை இல்லை. அதற்குப் பதிலாக வெளிநாட்டுப் பணத்துக்குக் கடுமையான சட்டம். 2021இல் இணையச் செய்தி வெளியீட்டாளர்களை அரசுக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள். அந்த விதிகளில் சிலவற்றுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றமும், அடுத்து சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டில் இடைக்காலத் தடை கொடுக்க வேண்டியிருந்தது. அடக்கும் கை மாறவில்லை. பிடிக்கும் இடம்தான் மாறியது. இந்தச் சூழலில் காசின் வரவை வெளிப்படையாக வைத்துக்கொள்வதே பெரிய பாதுகாப்பு. ‘பாரி’ 2019இல் பருவநிலை மாற்றம் பற்றிய கட்டுரைத் தொடரைத் தொடங்கியபோது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவைப் பெற்றது. அதை ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியே வைத்தது. வாங்கிய காசைச் சொல்லிவிட்டு எழுதுபவரைப் பற்றி வாசகர் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தத் தொடரில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பெண்களைப் பற்றி மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமார் ஆவணப்படுத்திய கட்டுரை ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் படகில் போய், மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாறைகளில் ஒட்டியிருக்கும் கடல்பாசியைப் பிடுங்கி வருபவர்கள். பாறை அறுக்காமல் இருக்க விரல் விரலாகத் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. மூச்சை அடக்கி மேலே வரும்போது கையில் ஒரு பிடி பாசி. கடலின் போக்கும் பருவமும் மாறிவிட்டன, பாசி குறைந்துவிட்டது, இறங்கக் கூடிய நாட்களும் சுருங்கிவிட்டன என்பதை அவர்கள் தங்கள் வாய்மொழியாகவே சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் வரைபடம் போட்டுச் சொல்லும் புவி வெப்பமாதலை, ஒரு விரலில் சுற்றிய துணி வழியாகப் பார்க்கிறோம். பருவநிலை மாநாட்டு அறிக்கைகள் எத்தனை படித்தாலும் இந்த நெருக்கம் வராது.

இரண்டாவது வேறுபாடு இதில்தான் இருக்கிறது. எனக்கு இது காசைவிட முக்கியமாகப் படுகிறது. ‘குடி அரசு’ உலகத்தை ஊருக்குக் கொண்டுவந்தது. இங்கர்சாலையும், ரசலையும், லெனினையும், துருக்கியில் கமால் பாஷா செய்த மாற்றங்களையும், கருத்தடை பற்றிய ஐரோப்பிய விவாதங்களையும் தமிழ் வாசகர் முன்னால் வைத்தது. ‘பாரி’ ஊரை உலகத்துக்குக் கொண்டுபோனது. பாசி எடுப்பவர், நெசவாளர், கழிவுநீர்க் குழியில் இறங்க வைக்கப்பட்டு இறந்தவரின் மனைவி, பஞ்சம் பிழைக்க ஊர்விட்டு ஊர் போகும் கரும்பு வெட்டுபவர் ஆகியோரை நாளைய வரலாற்றுக்கு ஆவணமாக வைத்தது. ஒன்று விளக்கம் கொடுக்கும் பத்திரிகை. மற்றது காது கொடுக்கும் பத்திரிகை. விளக்கம் மட்டும் இருந்தால் கேட்பவர் மாணவராகவே இருந்துவிடுவார். காது மட்டும் கொடுத்தால், தன் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று பேசியவருக்குத் தெரியாமலே போகும்.

மொழியில் ‘குடி அரசு’ பல படி மேலே நிற்கிறது என்பேன். பெரியாரின் நடை பேச்சிலிருந்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிப்பகத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தால், எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேருக்கு அது போய்ச் சேரும். பத்திரிகை தமிழிலேயே யோசித்தது. ‘பாரி’ பதினைந்தை ஒட்டிய மொழிகளில் வந்தது இந்திய இதழியலில் அரிய சாதனைதான். அதற்காக உழைத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலத்தில் உருவாகி, பிறகு தமிழுக்கு வந்தன. பாரதிநகர்ப் பெண் தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் ஏறி, மறுபடி தமிழில் இறங்கும்போது வழியில் சில சிந்திப்போகும். யார் கதையைச் சொல்கிறோமோ அவர் வீட்டு வாசலில் அந்தக் கட்டுரை அவர் பேச்சிலேயே போய் நிற்க வேண்டும். வையம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் ‘பாரி’யைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டால் எத்தனை பேர் ஆமென்பார்கள்? அந்தக் குறை ‘பாரி’யுடையது மட்டும் அல்ல. அதை எடுத்துவந்து ஊரில் உரக்கப் படிக்கும் படிப்பகங்களை நாம்தான் மூடிவிட்டோம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, இன்று சொந்தக் காசில் இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைக்கும் இளைஞருக்குச் சொல்லத் தெளிவான சில விஷயங்கள் என்னிடம் உள்ளன. இணையத்தில் ஒரு பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். அது பெரிய செலவே இல்லை. பஸ் சத்தம், போய்த் தங்கிக் கேட்கும் நாட்கள், சரிபார்க்கும் உழைப்பு, கூட வேலை செய்பவரின் சாப்பாடு ஆகியவையே செலவு. அந்தக் காசு முதல் ஆண்டு உங்கள் சட்டைப் பையிலிருந்து வரட்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து வாசகரிடமிருந்து வர வேண்டும். சிறு தொகையாக, பலரிடமிருந்து, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி. ‘பாரி’யிடம் கற்க வேண்டியது இது. எழுதுவது முதல் வரியிலிருந்து தமிழில் இருக்கட்டும். அது ‘குடி அரசு’ கற்றுத் தந்தது.

எழுதுவதற்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி ஆட்டம் கண்டது. அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் நம் பகுதிக் கிராமங்களிலும் உண்டு. பொன்னணியாறு அணைக்கு நீர் வரத்து ஏன் இப்படிப் பொய்க்கிறது என்பது பருவநிலைக் கேள்வி. கடவூர் மலைக்காட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்த்து 2022இல் 11,806 ஹெக்டேர் பரப்பில் தேவாங்குக்கென்று ஒரு சரணாலயம் அமைந்தது. உலகம் முழுவதும் காட்டுயிர்கள் அழிந்துவரும் கதையில் நம் மலைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இவற்றில் ஒவ்வொன்றையும் ‘குடி அரசு’ விளக்கியது போல விளக்கவும், ‘பாரி’ கேட்டது போலக் கேட்கவும் ஆள் வேண்டும்.

‘குடி அரசு’ 1949 வரை வந்தது. அந்தக் காலத்தில் சந்தா கட்டிப் படித்தவர்களில் பலர், வாரக் கூலியில் அணா அணாவாக எடுத்து வைத்தவர்கள். கடல் கடந்து மலேயாவிலும் இலங்கையிலும் இருந்தவர்கள். இன்று கைபேசி ரீசார்ஜுக்கு நாம் மாதா மாதம் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ யாரேனும் ஒருவர் விளம்பரமும் கட்சிப் பணமும் வாங்காமல், உலகத்தில் நடப்பதை நமக்குப் புரியும்படி எழுதிக்கொண்டிருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். எழுதியதைப் படித்துவிட்டு, தப்பு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஆண்டுச் சந்தாவை இன்றே அனுப்புங்கள்.